அபாயம் எண் ஒன்று: மாணவி தேர்ச்சி பெறுதல்

எங்கள் துறையின் இருப்பு விவரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆசிரியர் ஒருவர், மாணவி ஒருத்தி, எழுத்தராக நான், இரும்பு அலமாரி மூன்று. அலமாரிகளில் ஒன்றின் சாவி தொலைந்துவிட்டது. உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் நினைவில்லாததால் சாவியை யாரும் தேடவும் இல்லை. பல்கலைக்கழகத்தின் பழைய கட்டடத்தில் இரண்டாவது மாடி, பதினான்காம் எண் அறை. கதவுக்கு மேலே 'ஸ்லாவிய மொழிகள் துறை' என்று ஒரு தகரப் பலகை. ரஷ்யன், போலிஷ், செக் முதலான மொழிகளைச் சொல்லிக்கொடுக்கும் இடம் என்று பொருள். படியேறி எங்களிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் கழிப்பறை எங்கே என்று கேட்க வருகிறவர்கள். வாத்தியார் அவர்களுக்கு வழியைச் சொல்லிவிட்டு, அதே வழியை ரஷ்ய மொழியில் எப்படிக் கேட்பது என்பதையும் சொல்லித்தான் அனுப்புவார். அவசரத்தில் இருப்பவர்கள் என்பதால் அவர்களில் ஒருவரும் துறையில் சேர்ந்ததில்லை.

அடுத்து மாணவி. மூன்று வருடங்களுக்கு முன்னால் சேர்க்கை நாளன்று புள்ளியியல் துறையின் சன்னலில் இருநூறு பேர் நின்றார்கள். எங்கள் சன்னலில் உள்பக்கம் நான் இருந்தேன். வெளிப்பக்கம் ஒருவரும் இல்லை. காலையில் மருந்துக்கடையில் வேலை செய்துவிட்டு, சாப்பாட்டு நேரத்தில் ஓடி வந்திருந்தாள் அவள்.

"அக்கா, இங்க என்ன சொல்லித் தருவாங்க?"

சொன்னேன்.

"வரிசை இல்லல்ல? அப்ப இதுவே இருக்கட்டும்" என்று கையெழுத்துப் போட்டாள்.

அப்படிச் சேர்ந்தவள் மாத்திரை அட்டைகளின் பின்பக்கமெல்லாம் எழுதிப் பழகி, இரண்டாம் வருடம் முடிவதற்குள் வாத்தியாரோடு ரஷ்ய மொழியிலேயே சண்டை போடும் நிலைக்கு வந்துவிட்டாள். வாத்தியாருக்குத் தலைகால் புரியவில்லை. பதினெட்டு வருடங்களாக அவரோடு அந்த மொழியில் சண்டை போட ஆளே இல்லை.

அவள் இருப்பது அண்ணன் வீட்டில். ஹாலில்தான் படுக்கை. வீட்டில் எல்லோரும் டிவி பார்த்து முடித்த பிறகுதான் பாயை விரிக்க முடியும். இந்த வருடம் ஏப்ரல் இரண்டாவது வாரத்தில் துறைமுக அலுவலகத்திலிருந்து அவளுக்கு ஒரு கடிதம் வந்தது. வந்து நிற்கும் கப்பல்காரர்களோடு பேச மொழிபெயர்ப்பாளர் வேண்டும். ஜூன் முப்பதுக்குள் பட்டச் சான்றிதழோடு வந்தால் வேலை, கூடவே ஓர் அறை குவார்ட்டர்ஸ். கடிதத்தை என் மேசையில் விரித்து, நாலாவது வரியில் விரலை வைத்தாள்.

"அக்கா, தனி அறை. கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்குமாம். நான் போன் பண்ணியே கேட்டுட்டேன்."

கடைசித் தேர்வுக்கு எழுபத்தைந்து மணி நேர வருகை வேண்டும் என்பது விதி. பதிவேட்டில் அவளுக்கு ஐம்பத்து நான்கு ஏறியிருந்தது. வாரம் மூன்று வகுப்பு, வகுப்புக்கு இரண்டு மணி நேரம். மே மாத நடுவுக்குள் முடிந்துவிடும் என்று நான் பென்சிலால் போட்டுப் பார்த்தேன்.

ஏப்ரல் பதினைந்தாம் தேதி சுற்றறிக்கை வந்தது. 'ஸ்லாவிய மொழிகள் துறையின் எதிர்காலத்தைத் திட்டமிடும் உயர்மட்டக் குழு: இலக்கு ஆண்டு 2050.' கூட்டங்கள் திங்கள், புதன், வெள்ளி மதியம் இரண்டு முதல் நான்கு வரை. இடம்: குறைவாகப் பயன்படும் அறை என்று கண்டறியப்பட்ட அறை எண் பதினான்கு.

அது எங்கள் வகுப்பு நேரம். எங்கள் வகுப்பறை.

வாத்தியார் சுற்றறிக்கையை இரண்டு தடவை படித்தார். "சரிம்மா, துறையைப் பத்தித்தானே பேசப் போறாங்க. ஒரு கூட்டம், ரெண்டு கூட்டம். முடிஞ்சிடும்" என்றார். அவர் மொழிகள் படித்தவர். குழுக்களைப் பற்றி ஒன்றும் படிக்காதவர்.

குழுவின் தலைவர் டீன். பேசத் தொடங்குமுன் ஓர் இருமல் மிட்டாயை இடது கன்னத்தில் ஒதுக்கிக்கொள்வார். பேச்சு முடியும்வரை கன்னம் அந்தப் பக்கம் சற்று உப்பியே இருக்கும். உறுப்பினர்கள் மூவர்: தாவரவியல் தலைவர், புள்ளியியல் தலைவர், உடற்கல்வி இயக்குநர். கடைசியாக வெளியிலிருந்து வரவழைக்கப்பட்ட ஒரு திட்ட ஆலோசகர். எதைச் சொன்னாலும் பலகையில் ஓர் அம்புக்குறி போட்டுக் காட்டுவார் என்பதால் முதல் நாளே அவருக்கு அம்புக்குறி என்று பெயர் விழுந்துவிட்டது. நான் வைக்கவில்லை, உடற்கல்வி இயக்குநர் வைத்தார்.

முதல் கூட்டத்தில் டீன் நாற்பது நிமிடம் பேசினார்.

"இந்த மொழிகள்ல எனக்கு ஒரு வார்த்தைகூடத் தெரியாது. அதனாலதான் என்னால நடுநிலையா முடிவெடுக்க முடியுது. தெரிஞ்சவங்ககிட்ட ஒரு துறையைக் கொடுத்தா என்ன ஆகும்? பாடம் நடத்திட்டே இருப்பாங்க. ஒரு துறைக்கு நிகழ்காலம் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். எதிர்காலம் மட்டும் கண்டிப்பா இருக்கணும்."

மூன்று உறுப்பினர்களும் தலையாட்டினார்கள். இந்தக் குழுவின் பழக்கம் அது. புரிந்தால் ஒரு தடவை ஆட்டுவார்கள். புரியாவிட்டால் இரண்டு தடவை. ஒரு விஷயம் புரியவில்லை என்று அந்தப் பல்கலைக்கழகத்தில் எந்தக் குழுவிலும் யாரும் சொன்னதாக என் பதினோரு வருட மினிட்ஸ் புத்தகங்களில் பதிவு இல்லை.

"சார், இப்ப வகுப்பு—" என்று தொடங்கினார் வாத்தியார்.

"அது நிகழ்காலம். அதுக்கு வேற குழு" என்றார் டீன்.

இரண்டாவது கூட்டத்தில் எல்லோருக்கும் மஞ்சள் ஒட்டுச்சீட்டு கொடுத்து, துறையின் கனவை எழுதிச் சுவரில் ஒட்டச் சொன்னார் அம்புக்குறி. தாவரவியல் தலைவர் 'பசுமை' என்று எழுதினார். உடற்கல்வி இயக்குநர் 'கட்டுடல்' என்று எழுதினார். வாத்தியார் 'சாக்பீஸ்' என்று எழுதினார். அவருடைய சீட்டை மட்டும் அம்புக்குறி எடுத்து, "இது கனவில்ல சார், தேவை" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

மூன்றாவது கூட்டம் தொடங்கும்போதுதான், மாணவர் பிரதிநிதி இல்லாமல் குழு கூடுவது செல்லாது என்று கண்டுபிடித்தார்கள். மாணவி வராந்தாவில், வகுப்பு நடக்காதா என்று புத்தகத்தோடு நின்றிருந்தாள். அவளையே பிரதிநிதியாக உட்கார வைத்துவிடலாமே என்றேன்.

"அதெப்படிம்மா? ஜனநாயகம்னு ஒண்ணு இருக்குல்ல" என்றார் டீன்.

தேர்தல் நடந்தது. வேட்புமனு வாங்கினோம். பரிசீலித்தோம். திரும்பப் பெற அரைமணி நேரம் கொடுத்தோம். சாவி தொலைந்த அலமாரிக்குப் பின்னால் வாக்குச்சாவடி. ரகசிய வாக்கெடுப்பு. பதிவான வாக்கு ஒன்று. உடற்கல்வி இயக்குநர் விசில் ஊதி, மொத்த மாணவர் சமுதாயமும் அவள் பின்னால் நிற்பதாக அறிவித்தார். யார் யாருக்கு ஓட்டுப் போட்டார்கள் என்பது இன்றுவரை வெளியே தெரியாது.

வெளியே வந்து அவள் என்னைக் கேட்டாள்: "அக்கா, நான் இப்ப கூட்டத்துக்கு வந்திருக்கேனா, வகுப்புக்கு வந்திருக்கேனா?"

"கூட்டத்துக்கு."

"அப்ப வகுப்புக்கு?"

"ஆப்சென்ட்."

"சார்?"

"சாரும் ஆப்சென்ட். அவரும் கூட்டத்துலதான இருந்தார்?"

அவள் படியில் உட்கார்ந்துவிட்டாள். "அடப்பாவிங்களா! என்னைக் காப்பாத்தற கூட்டத்துக்குப் போயி நான் ஃபெயிலாகணுமா?"

அதைவிட மோசமானது ஐந்தாவது கூட்டத்தில் வந்தது. அன்று அம்புக்குறி அபாயப் பட்டியல் போட்டார். ப்ரொஜெக்டரில் ஒரு படம்: துறையின் மாணவர் எண்ணிக்கை, இப்போது ஒன்று. அங்கிருந்து கீழே பாயும் ஒரு சிவப்பு அம்புக்குறி. அது பூஜ்யத்தில் குத்தி நின்றது.

"இது என்ன?" என்றார் டீன்.

"ஜூன்ல இந்தப் பொண்ணு பாஸ் பண்ணிட்டா, சார்."

"பாஸ் பண்ணிட்டா?"

"போயிடுவாங்க. மாணவர் இல்லன்னா துறை இல்ல. துறை இல்லன்னா அதுக்கு எதிர்காலம் இல்ல. எதிர்காலம் இல்லன்னா..." என்று சொல்லி மேசையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார், "குழு இல்ல."

டீன் மிட்டாயைக் கன்னம் மாற்றினார். அதை நான் அன்று ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன்.

"எழுதிக்கோங்கம்மா" என்றார் என்னிடம். "அபாயம் எண் ஒன்று: மாணவி தேர்ச்சி பெறுதல். தடுப்பு நடவடிக்கை: திட்டம் முழுமை பெறும்வரை தேர்வை ஒத்திவைத்தல்."

"திட்டம் எப்ப சார் முழுமை பெறும்?" என்று கேட்டாள் மாணவர் பிரதிநிதி.

"ரெண்டாயிரத்து ஐம்பது."

"எனக்கு ஜூன் முப்பது வரைக்கும்தான் டைம் சார்."

"அதுதாம்மா உங்க தலைமுறைகிட்ட இருக்கற பிரச்சினை. நீண்டகாலப் பார்வையே கிடையாது."

வருகை குறைவு என்ற காரணமும் கையில் இருந்தது. ஐம்பத்து நான்கு மணி நேரம் உள்ளவளைத் தேர்வில் உட்கார வைக்க முடியாது, விதி. அன்று அவள் புத்தகத்தைக்கூட எடுக்காமல் போய்விட்டாள். மேசையில் கிடந்த புத்தகத்தை வாத்தியார் கையில் எடுத்துத் துடைத்தார். அதில் தூசி ஒன்றும் இல்லை.

ஆறாவது கூட்டம் தொடங்கியதும் டீனுக்கு ஒரு குறை தோன்றியது. "ஸ்லாவியத் துறைக் கூட்டம், ஆனா ஸ்லாவியச் சூழலே இல்லையே. சார், நீங்க எழுந்து உங்க மொழியில ரெண்டு வார்த்தை சொல்லுங்க. ஒரு தொடக்கவுரை மாதிரி."

வாத்தியார் எழுந்தார். எந்த மனநிலையில் எழுந்தார் என்று எனக்குத் தெரியும்; இரண்டு வாரங்களாக வகுப்பெடுக்காத மனிதர். கையில் மாணவியின் புத்தகம் இருந்தது. கடைசியாக அடையாளம் வைத்த பக்கத்தைப் பிரித்தார். பாடம் முப்பத்தொன்று, உடல் உபாதைகள். கன்னத்தில் கை வைத்து, தொண்டை கரகரக்க, முதல் வரியைச் சொன்னார்:

"உ மின்யா பலீத் ஸூப்."

எனக்குப் பல் வலிக்கிறது என்று அர்த்தம். தொடர்ந்து, பல் டாக்டர் எங்கே என்று கேட்டார்.

மூன்று வருடப் பழக்கம் சும்மா இருக்குமா? மாணவர் பிரதிநிதி நாற்காலியிலிருந்து எழுந்து, அதே மொழியில், மூன்றாவது மாடியில் இருக்கிறார், ரொம்ப வலிக்கிறதா என்று கேட்டாள். நேற்றிலிருந்து வலிக்கிறது என்றார் அவர். இனிப்புச் சாப்பிட்டீர்களா என்று அதட்டினாள் அவள். இப்படியே இருபது நிமிடம் போனது. பல், காது, முதுகு, முழங்கால் எல்லாம் வலித்து முடிந்தன. இருவர் கண்ணும் லேசாகக் கலங்கியிருந்தது, வலியால் அல்ல.

முடிந்ததும் டீன் இரண்டு தடவை தலையாட்டினார். உறுப்பினர்களும் ஆட்டினார்கள்.

"பிரமாதம். ஆசிரியரும் மாணவரும் மனசு விட்டுப் பேசினாங்க" என்றார் அம்புக்குறி. பலகையில் இரண்டு பக்கமும் கூரான ஓர் அம்பு போட்டார்.

"அந்த முதல் ரெண்டு வாக்கியம்" என்றார் டீன், கண்ணை மூடிக்கொண்டு. "அதுல ஒரு வலி இருந்துச்சு பாருங்க. இதுதான் நம்ம துறையோட இலட்சிய வாசகம். கருங்கல்லுல செதுக்கி வாசல்ல வைக்கணும்."

வாத்தியார் பதறினார். "சார், அதுக்கு அர்த்தம் என்னன்னா—"

"அர்த்தம் வேண்டாம் சார். அர்த்தம்னு வந்தா அதுக்கு ஒரு துணைக்குழு போடணும். இனிமே ஒவ்வொரு கூட்டத்துலயும் நீங்க ரெண்டு பேரும் இப்படிப் பேசறீங்க. நேரம் எவ்வளவு வேணும்னாலும் எடுத்துக்கோங்க. நாங்க கேக்கறோம்."

கூட்டம் முடிந்து குடிதண்ணீர்க் குழாயருகே மூவரும் நின்றோம். நான் விதிப்புத்தகத்தைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். பக்கம் நாற்பத்தேழு. 'வகுப்பு என்பது ஆசிரியரும் மாணவரும் ஓர் அறையில் பாடத்தில் ஈடுபட்டிருக்கும் நேரம்.'

"அறையில வேற யாரும் இருக்கக் கூடாதுன்னு இல்லையே" என்றேன்.

"அப்ப அது கூட்டமா, வகுப்பாம்மா?" என்றார் வாத்தியார்.

"கூட்டமும்தான் சார். வகுப்பும்தான். மினிட்ஸ் புத்தகமும் என்கிட்ட, பதிவேடும் என்கிட்ட. நடந்ததை நடந்தபடி ரெண்டுலயும் எழுதறேன். எங்கயும் ஒரு பொய் எழுத மாட்டேன்."

அவள் விரல் விட்டு எண்ணினாள். "இருபத்தோரு மணி நேரம் வேணும். பதினோரு கூட்டம். அக்கா, அதுவரைக்கும் இவங்க பேசாம இருக்கணுமே!"

"அவங்க பேச மாட்டாங்கடி" என்றேன். "பேசினா புரியலன்னு தெரிஞ்சிடும்."

ஏழாவது கூட்டத்திலிருந்து பாடம் முழு மூச்சில் நடந்தது. சந்தைப் பாடத்தில் வாத்தியாரும் மாணவியும் உருளைக்கிழங்குக்குப் பேரம் பேசினார்கள். அவள் விடாப்பிடியாக நின்று, அழுகின கிழங்கை என் தலையில் கட்டப் பார்க்கிறாயா என்று மேசையைத் தட்டினாள். 'கருத்து வேறுபாடு ஆரோக்கியமானது' என்று தாவரவியல் தலைவர் தன் குறிப்பில் எழுதிக்கொண்டார். தன் துறைச் சரக்கைத்தான் அவர்கள் பேசினார்கள் என்று அவருக்கு இன்னும் தெரியாது. ரயில் நிலையப் பாடத்தன்று வாத்தியார் வண்டி போய்விட்டதே என்று தலையில் கை வைத்தார். உடற்கல்வி இயக்குநர் எழுந்து வந்து அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

துறைமுக வேலைக்காக எண்களையும் பழக்கினார். வாத்தியார் கப்பல்களின் எடையை ஒன்றைவிட ஒன்று அதிகமாக அந்த மொழியில் சொல்லச் சொல்ல, அவள் பலகையில் எண்ணால் எழுத வேண்டும். அதுவரை தூங்கிக்கொண்டிருந்த புள்ளியியல் தலைவர் நிமிர்ந்தார். "அப்பாடா, கடைசியில ஒரு தரவு!" என்று அத்தனையையும் நகல் எடுத்துக்கொண்டு போய், அடுத்த கூட்டத்தில் ஒரு வரைபடமாகக் கொண்டுவந்தார். கோடு இடமிருந்து வலமாக ஏறிக்கொண்டே போனது. எதனுடைய கோடு என்று ஒருவரும் கேட்கவில்லை. டீன் அதைச் சட்டம் போட்டுத் தன் அறையில் மாட்டிக்கொண்டார்.

ஒவ்வொரு கூட்டத்தின் முடிவிலும் மினிட்ஸை டீனிடம் நீட்டுவேன். 'ஆசிரியர் பாடம் முப்பத்தாறு நடத்தினார். மாணவி பங்கேற்றார். நேரம் இரண்டு மணி.' அவர் மினிட்ஸைப் படிப்பதில்லை. கையில் ஏந்தி எடை பார்ப்பார். கனமாக இருந்தால் திருப்தி. பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போடுவார்.

பதினேழாவது கூட்டத்தோடு பதிவேட்டில் எழுபத்தாறு மணி நேரம் ஏறியது. எழுத்துத் தேர்வுகளை அவள் டிசம்பரிலேயே முடித்துவிட்டிருந்தாள். மீதி வாய்மொழித் தேர்வு மட்டும். 'துறை ஆசிரியர் நடத்த வேண்டும். பல்கலைக்கழக அலுவலர் குறைந்தது மூவர் உடனிருந்து முடிவை ஏற்க வேண்டும்.' பக்கம் ஐம்பத்திரண்டு. எங்களிடம் நாலு பேர் இருந்தார்கள்.

பதினெட்டாவது கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில், எல்லோர் கையிலும் கொடுத்த தாளில், தமிழில், மூன்றாவது பொருளாக 'வாய்மொழித் தேர்வு' என்று அச்சடித்தே வைத்தேன். அதை ஐந்து பேரும் தேநீர்க் குவளைக்கு அடியில் வைத்துக்கொண்டார்கள்.

அன்று அவள் இஸ்திரி போட்ட புடவையில் வந்திருந்தாள். கையிலிருந்த பேனாவின் மூடியைத் திறந்து திறந்து மூடினாள். வாத்தியார் இருபது கேள்விகள் கேட்டார். கயிறு, நங்கூரம், சுங்கம், புயல் எச்சரிக்கை. எனக்கே அதற்குள் பாதி புரிந்தது. பதினான்காவது கேள்வியில், பாரந்தூக்கியின் கொக்கிக்கான சொல் அவளுக்கு வரவில்லை. வியர்த்துவிட்டது. டீன், 'ஆமாம், சிக்கலான விஷயம்தான்' என்பதுபோல் அவளைப் பார்த்துத் தலையாட்டினார். எப்படியோ அதில் தைரியம் பெற்று மீதி ஐந்தையும் தாண்டிவிட்டாள். இருபதாவது கேள்வி புத்தகத்தில் இல்லாதது. உன் புது அறையில் என்ன இருக்கும் என்று கேட்டார் வாத்தியார்.

ஒரு கட்டில், ஒரு சன்னல், கதவுக்கு உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள் என்றாள் அவள்.

வாத்தியார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அவ்வளவுதான் சார். எனக்கு முழுத் திருப்தி. குழு ஏத்துக்குதா?" என்று தமிழில் கேட்டார்.

டீன் மேசையைச் சுற்றிப் பார்த்தார். எல்லோரும் இரண்டிரண்டு தடவை தலையாட்டினார்கள். "ஏகமனதா ஏத்துக்கறோம்" என்றார் டீன். நான் எழுதிக்கொண்டேன். அவர் எடை பார்த்தார். கையெழுத்துப் போட்டார்.

ஜூன் இருபத்து நான்காம் தேதி சான்றிதழ் மேலொப்பத்துக்காக டீன் மேசைக்குப் போனபோதுதான் குட்டு உடைந்தது. எங்கள் மூவரையும், அம்புக்குறியையும் அழைத்தார்.

"யார் இந்தப் பொண்ணுக்குப் பாஸ் போட்டது?"

"நீங்கதான் சார்" என்று மினிட்ஸ் புத்தகத்தைப் பிரித்து வைத்தேன். ஆறாவது கூட்டம் முதல் பதினெட்டாவது கூட்டம் வரை, பக்கத்துக்குப் பக்கம், அவருடைய பச்சை மைக் கையெழுத்து.

முதல் முறையாக அவர் மினிட்ஸைப் படித்தார். கன்னத்தில் மிட்டாய் நகரவே இல்லை.

"இது செல்லாது. ரத்து பண்ணுங்க. இது அபாயம் எண் ஒன்று!"

"ரத்து பண்ணலாம் சார். காரணம் எழுதணும். என்னன்னு எழுதட்டும்?" என்று பேனாவைத் திறந்தேன்.

அம்புக்குறி அவர் காதருகே குனிந்தார். மெதுவாகத்தான் சொன்னார், ஆனால் சிறிய அறை. "சார், ரத்து பண்ணணும்னா, பதிமூணு கூட்டமா என்ன பேசினாங்கன்னு நமக்குப் புரியலன்னு எழுதணும்."

மாணவி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். நகம் பதிந்தது. டீன் சுவரில் மாட்டியிருந்த வரைபடத்தைப் பார்த்தார். கோடு ஏறிக்கொண்டே போனது.

"புரியலன்னு யாருய்யா சொன்னது?" என்றார் டீன். "நான் ஒவ்வொரு வார்த்தையையும் ரசிச்சேன். அதுவும் அந்தக் கடைசி பதில்... அடேயப்பா." கையெழுத்துப் போட்டுவிட்டார்.

வெளியே வந்ததும் அவள் வாத்தியாரின் காலில் விழப் போனாள். அவர் பின்வாங்கி, "அந்தக் கொக்கிக்கு என்ன சொல்லுவாங்க? மொதல்ல அதைச் சொல்லு" என்றார். இந்தத் தடவை சொல்லிவிட்டாள்.

ஜூன் இருபத்தெட்டாம் தேதி அவள் துறைமுகத்தில் சேர்ந்தாள். அன்று மாலை போன் செய்தாள். பேசவில்லை. 'டக்' என்று ஒரு சத்தம் மட்டும் கேட்டது. தாழ்ப்பாள். இரண்டு தடவை போட்டுக் காட்டினாள்.

துறையில் மாணவர் எண்ணிக்கை பூஜ்யம் ஆனது. குழு கலையும் என்று நினைத்தேன்; எனக்கு அனுபவம் போதாது. பூஜ்யத்திலிருந்து எந்த வளர்ச்சியும் அளவிட முடியாத வளர்ச்சி என்று அம்புக்குறி விளக்கினார். மாணவர் பிரதிநிதி இடத்தை 'வருங்கால மாணவர்' என்று எழுதிய ஒரு காலி நாற்காலிக்குக் கொடுத்தார்கள். நாற்காலி எதையும் எதிர்க்கவில்லை. வாத்தியாரைப் பேசச் சொல்வதையும் நிறுத்திவிட்டார்கள். அவர் வராந்தாவில் உட்கார்ந்து, கழிப்பறைக்கு வழி கேட்பவர்களுக்காகக் காத்திருந்தார்.

ஜூலைக் கடைசியில் இலட்சிய வாசகக் கல் தயாராகி வந்தது. ஆளுயரக் கருங்கல். அதில் தங்க எழுத்தில், அந்த மொழியில்: 'எனக்குப் பல் வலிக்கிறது. பல் டாக்டர் எங்கே?' திறப்பு விழாவுக்கு ஒரு வெளிநாட்டு வல்லுநர் வேண்டும் என்றார் டீன். துறைமுகத்தில் பாரந்தூக்கி பழுதாகி, ஒரு கப்பல் எட்டு நாளாகச் சும்மா நின்றது. அதன் கேப்டனை எங்கள் பழைய மாணவி அழைத்துவந்தாள். ஆறடி மனிதர், குழந்தை மாதிரி முகம்.

விழாவில் டீன் அரை மணி நேரம் பேசி, திரையை விலக்கினார். கேப்டன் கல்லைப் படித்தார். இன்னொரு முறை படித்தார். முகம் வாடிவிட்டது. இவ்வளவு பெரிய கல்லில் எழுதிக் கேட்கும் அளவுக்கு வேதனையா என்று நினைத்திருக்க வேண்டும். சுற்றுமுற்றும் பார்த்தார். டீனின் இடது கன்னம் உப்பியிருந்தது.

அருகில் போய், தோளில் கை வைத்து, உங்களுக்கா என்று தன் மொழியில் கேட்டார்.

மாணவி குறுக்கே வந்தாள். "சார், அவர் என்ன கேக்கறாருன்னா—"

"வேண்டாம்மா" என்று டீன் கையமர்த்தினார். "பதிமூணு கூட்டம் உட்கார்ந்து கேட்டிருக்கேன். எனக்கே புரியும்." கேப்டனைப் பார்த்து இரண்டு தடவை தலையாட்டினார்.

ரொம்ப வலிக்கிறதா? தலையாட்டினார். பல நாளாகவா? தலையாட்டினார். எங்கள் கப்பலில் நல்ல டாக்டர் இருக்கிறார், இப்போதே வருகிறீர்களா?

டீன் முகமெல்லாம் மலர்ந்து தலையாட்டினார். "வெளிநாட்டு ஒத்துழைப்பு" என்று எங்களிடம் சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். கள ஆய்வு என்று அம்புக்குறியும் ஏறிக்கொண்டார்.

மிச்சத்தை அவள்தான் மறுநாள் சொன்னாள். "அக்கா, நான் மூணு தடவை சொல்ல வந்தேன். மூணு தடவையும் கையைக் காட்டிட்டாரு. கடைசியா, 'சார், பல்லைப் பிடுங்கப் போறாங்க, வேண்டாம்னா இல்லன்னு தலையாட்டுங்க'ன்னு சத்தமாவே சொன்னேன். அதுக்குள்ள வாயில ஊசி போட்டாச்சு."

"ஆட்டினாரா?"

"ஆட்டினாரு. ஆனா மேலயும் கீழயும்தான் வருது. பக்கவாட்டுல ஆட்ட அந்தத் தலைக்குப் பழக்கமே இல்லக்கா. அந்த டாக்டருக்குத்தான் பாவம், ரொம்ப வருத்தம். இவ்வளவு நல்ல பல்லுல இவ்வளவு வலியான்னு."

அடுத்த திங்கட்கிழமை கூட்டம் இரண்டு மணிக்குத் தொடங்கியது. டீன் வாய் நிறையப் பஞ்சோடு வந்து உட்கார்ந்தார். அவர் பேசாமல் மற்றவர்கள் பேசுவது வழக்கமில்லை. இரண்டு மணி நான்கு நிமிடத்துக்குக் கூட்டம் முடிந்தது. பல்கலைக்கழக வரலாற்றிலேயே இதுதான் குறைந்த நேரம்; சரிபார்த்துவிட்டேன்.

வராந்தாவில் துறைமுகத்திலிருந்து இரண்டு பேர் நின்றிருந்தார்கள். பாரந்தூக்கி ஓட்டுகிறவரும் அவருடைய மைத்துனரும். எங்கள் மாணவி அனுப்பியவர்கள். எங்கே சேரவேண்டும் என்று கேட்டார்கள். முதலில் கழிப்பறையைத்தான் கேட்கிறார்கள் என்று நினைத்து வாத்தியார் கையைக் காட்டத் தொடங்கிவிட்டார். பிறகு விஷயம் விளங்கி, அவசரமாகச் சாக்பீஸைத் தேடினார்.

டீன் படியிறங்கப் போனவர், கருங்கல் முன்னால் நின்றுவிட்டார். தங்க எழுத்துகளை மேலிருந்து கீழாகப் பார்த்தார். கை தானாகக் கன்னத்துக்குப் போனது. திரும்பி, வாத்தியாரை அருகே வரும்படி சைகை காட்டி, பஞ்சுக்கு நடுவே மெல்லக் கேட்டார்:

"சார்... இதுக்கு... என்ன அர்த்தம்?"

வாத்தியார் சொன்னார்.

டீன் தலையாட்டவில்லை.

மினிட்ஸில் ஏற்றட்டுமா சார் என்று கேட்டேன். வேண்டாம் என்று கையை மட்டும் ஆட்டினார். வாத்தியார் உள்ளே போய்ப் பாடம் ஒன்றைத் தொடங்கினார். நான் வருகைப் பதிவேட்டைத் திறந்து, மொத்தம் இரண்டு என்று எழுதினேன்.